தொப்பியைத் தேடிய நெல்

காட்டோரக் குளக்கரையில் நெற்பயிர் அடர்ந்து நின்றது. அத்தனையும் ஒரே ரகம், ஒரே உயரம், ஒரே கர்வம். அதன் நடுவில் ஒரு கானாங்கோழி கூடு கட்டி, ஐந்து முட்டைகளை அடைகாத்தது. பயிர் நின்றால்தான் குஞ்சுகளுக்கு மறைப்பு. பயிர் சாய்ந்தால் மேலே வட்டமிடும் பருந்துக்கு விருந்து.

பயிருக்கு ஒரே எதிரி, காற்றில் வந்திறங்கும் பூஞ்சாணம். அதன் தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி இருக்கும். நெல் தடவிப் பார்க்கும். தொப்பி தட்டுப்பட்டதும் அந்த இடத்து இலையைத் தானே கருக்கிவிடும். தின்ன ஒன்றுமில்லாமல் பூஞ்சாணம் செத்துப்போகும்.

"மூணு மழையா ஒருத்தன் உள்ளே வந்ததில்லை அக்கா!" என்றது நெல்.

"தொப்பியை மட்டும்தான் பார்ப்பியா?" என்று கேட்டது கானாங்கோழி.

"வேற என்ன பார்க்கணும்?"

"நல்லா இருக்கு! அவன் தொப்பி இல்லாம வந்தா?"

"அவ்வளவு புத்தி அவனுக்கு ஏது!"

புத்தியே தேவைப்படவில்லை. ஆயிரமாயிரம் பூஞ்சாணங்களில் ஒன்று தொப்பியில்லாமலே பிறந்து தொலைத்தது. அது நேராக வந்து இலைமேல் இறங்கியது.

"யாரது?"

"வழிப்போக்கன் அண்ணே! வேணும்னா தலையைத் தடவிப் பாருங்க!"

நெல் தடவியது. "தொப்பி இல்லை. சரி, உட்காரு."

உட்கார்ந்தது. இடுப்பிலிருந்து ஊசியை எடுத்தது. இலையைக் குத்தியது. உள்ளே போய்விட்டது!

நாலாம் நாள் இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி. பத்தாம் நாள் அதன் பிள்ளைகள், எல்லாமே வெறுந்தலைகள், வயல் முழுக்க. ஒரே ரகம் அல்லவா? ஒருவனை ஏமாற்றிய பொய் எல்லோரையும் ஏமாற்றியது.

"அடேய், உன்னைத் தின்கிறான்!" என்று கத்தியது கானாங்கோழி.

"தொப்பி போடலையே அக்கா!"

"தொப்பியா உன்னைத் தின்னுது? வாய்தானே தின்னுது!"

பேசிக்கொண்டிருக்கும்போதே பயிரில் பாதி சாய்ந்தது. அன்றுதான் பொரிந்த ஐந்து குஞ்சுகளையும் கானாங்கோழி விரட்டிக்கொண்டு ஓடியது. பருந்தின் நிழல் பின்னாலேயே வந்தது. கரையோரம் ஒல்லியாக நின்ற காட்டு நெல்லுக்குள் ஆறு பேரும் புகுந்துகொண்டார்கள்.

மூச்சு வாங்கியபிறகுதான் கானாங்கோழி நிமிர்ந்து பார்த்தது. பச்சைப் பசேலென்ற இலைகள். ஒரு புள்ளிகூட இல்லை!

"உன்னை மட்டும் ஏன் விட்டுவச்சான்?"

"நான் தொப்பியைப் பார்க்கறதில்லை. ஊசியைத்தான் பிடிப்பேன்" என்றது காட்டு நெல். "ஊசி இல்லாம அவனால உள்ளே வர முடியாதே!"

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யார் கேட்டாங்க? மணி சின்னதுன்னு ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பினதில்லை."

கானாங்கோழி உடனே சில்லைக் குருவிகளைக் கூப்பிட்டது. "தின்னறதுல பாதியைச் சிந்தறவங்கதானே நீங்க! இந்தக் காட்டு நெல்லை வயலுக்குள்ள கொண்டுபோய்ச் சிந்துங்க!"

"சாப்பிடற நேரத்துல வேலையா?"

"அடுத்த வருஷம் சாப்பிட வேண்டாமா?"

குருவிகள் முணுமுணுத்தபடி சிந்தின. அடுத்த மழை வந்ததும், பிழைத்திருந்த நெல்லும் காட்டு நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்தன. பூத்தபோது காற்று இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிட்டது. அதற்கடுத்த மழையில் பிறந்த பிள்ளைகளில் பலவற்றுக்குத் தொப்பியும் தெரிந்தது, ஊசியும் தெரிந்தது.

வெறுந்தலைப் பூஞ்சாணம் சிரித்துக்கொண்டே வந்திறங்கியது. "தலையைத் தடவிப் பாருங்க அண்ணே!"

"தலை கிடக்கட்டும். இடுப்புல என்ன? ஊசியைக் கீழே வை!"

"வச்சுட்டா நான் எப்படி உள்ளே வர்றது?"

"அதேதான்!" என்றது நெல். அந்த இடம் சுருக்கென்று கருகியது.

"என் பேரன் வேற ஊசியோட வருவான்!" என்று சாகும்போது கறுவியது பூஞ்சாணம்.

"வரட்டும்! எங்க பேரன்களும் இங்கேதான் காவல் இருப்பாங்க" என்றது புதிதாக ஏழு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த கானாங்கோழி.

எதிரி போடாமலும் வரக்கூடிய தொப்பியை நம்பிக் காவல் இருக்காதே. அவன் விட்டுவிட்டு வரவே முடியாத ஊசியைக் கவனி, அதையும் பலர் சேர்ந்து கவனியுங்கள்.