கூப்பிட்ட குரல்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. இதைக் கேலி பேசாத ஆள் ஊரில் இல்லை.

குரு மெற்றில்டா, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர்; பறவை பார்க்கக் கற்றுக்கொடுப்பவர். சீடர் அம்பலவாணன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுதான் பெற்றார், ஒரு நிமிஷம் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை.

செந்தலை வல்லூறைப் பார்க்க மூன்றாவது தடவையாக வந்திருந்தார்கள். புறா அளவுதான் இருக்கும். பறக்கிற குருவியைப் பறந்தே பிடிக்கும். கண்ணில் படுவது அபூர்வம். செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில், ஒரு பனையின் கொண்டையில் ஒரு ஜோடி கூடு வைத்திருந்தது. பெட்டை முட்டைமேல் இருந்தது. பக்கத்துப் பனையில் ஒரு காக்கை.

குரு எட்டத்திலேயே, பனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்ன டீச்சர், பார்க்க வந்துட்டு இப்படி உட்கார்ந்தா எப்படி?"

"அது நம்மளப் பார்த்துக்கிட்டு இருக்கு சார். பார்த்து முடிக்கட்டும்."

"எப்ப முடிக்கும்?"

"அதுகிட்டதான் கேட்கணும்."

சீடருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். பைனாகுலரைத் துடைத்த இடத்தையே துடைத்தார். மட்டைகளுக்கு நடுவே ஒரு வால் நுனி தெரிந்தது, அவ்வளவுதான். வாலைப் பார்த்தேன் என்று எந்த முகத்தோடு குரூப்பில் சொல்வது? வாட்ஸ்அப்பில் அவரைத் தவிர எல்லாரும் படம் போட்டாயிற்று. "என்ன சார், இந்த வாரமும் வெறும் பனைமரமா?" என்று காலையில்தான் ஒருத்தன் கேட்டிருந்தான்.

குரு டீ பிளாஸ்கை எடுக்க வண்டிப் பக்கம் கிளம்பினார். "பெட்டை எழுந்தா போச்சு. அந்தக் காக்கா முட்டைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. சும்மா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சும்மா இருப்பதாவது! சீடர் போனை எடுத்தார். வல்லூறின் குரலை நெட்டிலிருந்து அதில் இறக்கி வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

ஆணும் பெட்டையும் விர்ரென்று பாய்ந்து வந்தன. செங்கல் நிறத் தலை, சாம்பல் முதுகு, மஞ்சள் கால். அம்மாடி! சீடருக்குக் கண் கலங்கிவிட்டது. படமாக எடுத்துத் தள்ளினார்.

குரு ஓடி வந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்? கூப்பிட்டதும் வந்துட்டு!"

குரு பனையைக் காட்டினார். காக்கை கூட்டின் விளிம்பில் இருந்தது.

சீடர் கத்தினார். கையைத் தட்டினார். ஓடிப்போய் மண்கட்டியை எடுத்து வீசினார். பாதிப் பனைக்குக்கூட எட்டவில்லை. வல்லூறுகள் கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றின.

"ஐயோ, கூட்டுக்குப் போக மாட்டேங்குதே! இங்க எதைத் தேடுது?"

"இன்னொரு வல்லூறை. இடத்தைப் பிடிக்க வந்தவன் எங்கேன்னு தேடுது."

"இங்க யாருமே இல்லையே டீச்சர்! அது பொய்க் குரல்தானே! இதுகளுக்கு எப்படிச் சொல்றது?"

காக்கை கூட்டுக்குள் தலையை விட்டது.

குரு அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"கூப்பிடுறதுக்கு அதுல குரல் இருக்கு சார். பொய்னு சொல்றதுக்கு ஏதாவது இருக்கான்னு தேடிப் பாருங்க."