அசையாத முகம்

செங்கோடனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மடத்து முற்றத்தைக் கூட்டினான். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினான். மறுநாள் அவனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

அந்த மலை மடத்தில் ஒரு வழக்கம். குடும்பத்தை விட்டு வந்தவன் காவி வாங்கவேண்டுமென்றால், வீட்டார் நேரில் வந்து சம்மதம் சொல்லவேண்டும்.

அவன் மனைவி பாவாயி வந்தாள். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. குழந்தை வயிற்றில் இருந்தபோதே வீட்டை விட்டு வந்தவன் செங்கோடன். மகளை அன்றுதான் பார்க்கிறான்.

"உன் முடிவு என்னம்மா?" என்றார் குரு.

"இவ அப்பன் மடியில ஒருக்கா உக்காரட்டுமுங்க சாமி. அப்புறம் சொல்றனுங்க."

செங்கோடன் உஷாரானான். ஒரு வருடமாக அவன் பாடுபட்டுப் பழகியதெல்லாம் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வதுதான். குளவி கொட்டியபோதுகூடப் புருவம் நெளியவில்லை என்று உள்ளூரப் பெருமை வேறு. இப்போதும் அப்படியே உட்கார்ந்தான்.

குழந்தை அண்ணாந்து பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. பதில் சிரிப்பு இல்லை. 'ங்கா' என்றது. கையைத் தட்டியது. தாடியைப் பிடித்து இழுத்தது. எதற்கும் அந்த முகம் மசியவில்லை. குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது, மனசு கேட்காமல் இன்னொரு முறை பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டது பாருங்கள், பாவம், மூச்சே நின்றுவிடும்போல இருந்தது.

பாவாயி குழந்தையை வாரி எடுத்தாள்.

"பதில் கிடைச்சுருச்சுங்க சாமி. அவரு இங்கயே இருக்கட்டுமுங்க."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கேட்ட சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் செங்கோடனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. படிகளிலிருந்து அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. காதைப் பொத்தினான். உடனே கையை எடுத்தான்.

"சாமி, புள்ள ஏனுங்க அழுவுது? நான் மொறைக்கலீங்க. ஒண்ணுமே பண்ணலீங்க."

"அதுக்குத்தான் அழுவுது."

"மனசு கலங்கிறக் கூடாதுன்னு கெட்டியா இருந்தனுங்க."

"கலங்கலையா?"

செங்கோடன் படிகளின் பக்கம் திரும்பினான்.

"அள்ளிக் கொஞ்சணும்னு இருந்துச்சுங்க."

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்றார் குரு. "உன்னைப் பார்த்துச் சிரிச்சுக் கேட்டவ இன்னும் பாதிப் படிகூட இறங்கியிருக்க மாட்டா."