கொழுக்கட்டைப் பல்

"சாமி, மந்திரம் மனசில நிக்குதில்லை," என்றார் அம்பலவாணர்.

ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கலந்தே தலை நரைத்துப்போன மனிதர். எதிரே இருந்த சின்னச்சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். குருவாயிருந்த பெரியசாமி கண்மூடிய பிறகு மடம் இவர் கைக்கு வந்திருந்தது.

"எந்த மந்திரம், ஐயா?"

"பெரியசாமி என்ர காதில சொன்னது. சொல்லச் சொல்ல நாக்குத்தான் ஓடுது. சொல்லாமல் சும்மா இருந்தால் வேற ஏதோ ஒரு அமைதி வருது. எனக்குப் பயமாக் கிடக்கு. அவர் தந்ததில மிச்சம் அது ஒண்டுதான். அதையும் விட்டால் அவரையே விட்ட மாதிரியெல்லோ?"

சின்னச்சாமி பதில் சொல்வதற்குள், மடத்துக்குப் பூமாலை கட்டும் சின்னத்துரையின் மகள் மாதுமை வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"சாமி, ஒரு நூல் தாங்கோ. பல்லு ஆடுது."

"கட்டி இழுக்கவோ?"

"இல்லை. பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்ட. விழாமல்."

அம்பலவாணருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி விசரி! பால்பல்லு விழத்தானே வேணும்?"

"இது விழக்கூடாது." பிள்ளைக்குக் கண் நிறைந்தது. "எனக்கு முதல் முளைச்ச பல்லு இதுதான். அதுக்குத்தான் அம்மா பல்லுக்கொழுக்கட்டை அவிச்சு என்ர தலையில கொட்டினவவாம். இப்ப அம்மாவும் இல்லை. பல்லும் போனால்?"

அம்பலவாணரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிக்காரர் நீங்கள்தானே, ஐயா," என்றார் சின்னச்சாமி. "பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கோ. உங்கட கதையைப் பிறகு பார்ப்பம்."

அம்பலவாணர் குந்தி இருந்து, பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆடுகிற பல்லுக்குப் பின்னால் குருணைபோல ஒரு வெள்ளை.

"நாக்கால பின்பக்கம் தொட்டுப் பார்."

"என்னவோ குத்துது."

"அதுதான் புதுப்பல்லு. நேற்று வந்ததில்லை. அம்மா உனக்குச் சோறு தீத்தின காலமே அது பல்லுக்கு அடியில, முரசுச் சதைக்குள்ள கிடந்தது."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"கண்டிருக்கமாட்டா. ஆனால் அவ தீத்தின சோறு ரெண்டுக்கும்தான் போனது."

மாதுமை யோசித்தாள். நல்லாய் யோசித்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி நின்று, இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள்.

விழுந்த பல்லைக் கூரையில் எறிவது ஊர் வழக்கம். முற்றத்துக்கு ஓடி எறிந்தாள். பல் பாதியிலேயே திரும்பி வந்து மண்ணில் விழுந்தது.

"தாத்தா! எட்டுதில்லை!"

"உங்கட கதை?" என்றார் சின்னச்சாமி.

"இருங்கோ சாமி, வாறன்."

பிள்ளை பல்லை அம்பலவாணரின் உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. திருப்பிப் பார்த்தார். அடியில் வேர் என்று ஒன்றுமில்லை, எல்லாம் கரைந்து போயிருந்தது. விரல்களை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். கூரையைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"எறியுங்கோவன் தாத்தா," என்றாள் மாதுமை, இரத்தம் கசிந்த வாயோடு. "என்ர பல்லை வச்சு நீங்கள் என்ன செய்யப்போறியள்?"