நெல்லிக்காட்டுக் கயிறு

வேட்டைக்காரி வீரக்கா பரண்களைப் பங்கிட்ட அன்று சடையனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மலையடிவாரத்து ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழை ஓய்ந்ததும் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வீரக்காவின் வாசலில் கூடுவார்கள். மரத்தின் மேல் கட்டிய ஒவ்வொரு பரணுக்கும் ஏறுகயிறு ஒன்று உண்டு. யார் கையில் எந்தக் கயிற்றைக் கொடுக்கிறாளோ, அடுத்த மழைவரை அந்தப் பரண் அவருக்கு. வீரக்காவுக்கும் சடையனுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவனுக்கு வில் பிடிக்கக் கற்றுத்தந்தவள் அவள்.

இந்த முறை, மான்கள் தண்ணீர் குடிக்க வரும் கொக்குக்குளத்துக் கயிறு நஞ்சனுக்குப் போனது. நஞ்சன் போன வருஷம்வரை எருமை மேய்த்துக்கொண்டிருந்தவன். பாதி நாள் அவன் அம்பு மரத்தில்தான் குத்தி நிற்கும். சடையனோ குறி தப்பாதவன். அவனுக்குக் கிடைத்தது போன வருஷம் அவன் ஏறிய அதே நெல்லிக்காடு. அங்கே மான் தலைகாட்டி மாதக்கணக்காகிவிட்டது.

நஞ்சன் கயிற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைப் பார்க்கப் பார்க்கச் சடையனுக்கு வயிறு எரிந்தது. கூட்டம் கலைந்ததும் அவளிடமே போய் நின்றான்.

"எருமை மேய்ச்சவனுக்குக் குளம். எனக்குக் காஞ்ச காடு. அவன்கிட்ட அப்படி என்னக்கா இருக்கு?"

வீரக்கா நஞ்சனைக் கூப்பிட்டாள். அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கிச் சடையனிடம் கொடுத்தாள். சடையனுடையதை நஞ்சனிடம் கொடுத்தாள். நஞ்சன் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதுவும் சடையனுக்குப் பிடிக்கவில்லை.

கொக்குக்குளம் முதல் வாரம் அள்ளிக் கொடுத்தது. சடையன் இரண்டு கொம்பு மான்களைச் சாய்த்தான். ஊர் முழுக்கக் கறி வெந்தது. இறங்கும் வித்தையிலும் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. பொழுது சாயும் வேளையில் பரணுக்குக் கீழே மான்கள் நின்றால் மற்றவர்களுக்குத் திண்டாட்டம்தான். ஆள் இறங்குவதை ஒரு மான் பார்த்துவிட்டால் போதும், அந்த மரத்தடிக்கு அப்புறம் வராது. சடையனுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்து, ரம்பம் மரத்தை அறுப்பதுபோல் கரகரவென்று சிறுத்தைக் குரல் எடுப்பான். மான்கள் தெறித்து ஓடும். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. அவன் சாவகாசமாக இறங்கி வீட்டுக்கு நடப்பான்.

மாதம் திரும்புவதற்குள் கொக்குக்குளத்தில் கொக்குகள் மட்டும் மிச்சம்.

சடையன் வெயிலைக் குறை சொன்னான். காற்றைக் குறை சொன்னான். நெல்லிக்காட்டில் மான் மேய்கிறது, நஞ்சன் வீட்டில் கறி வாசம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அன்று மாலையே நெல்லிக்காட்டுக்குப் போய்ப் புதர் மறைவில் நின்று பார்த்தான். உதிர்ந்த நெல்லிக்கனிகளைப் பொறுக்கியபடி நஞ்சனின் பரணடியில் ஒரு மந்தையே நின்றது. குட்டிகள்கூட இருந்தன. சடையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொறாமையில் வந்த நீர்தான், அதில் சந்தேகமில்லை. அதற்கு மேல் பார்க்கப் பொறுக்காமல் திரும்பிவிட்டான்.

இன்னும் சற்று நின்றிருக்கலாம். இருட்டத் தொடங்கியும் நஞ்சன் அசையவில்லை. அவன் மனைவி எருமைகளை ஓட்டிக்கொண்டு தினமும் அந்த வழியாகத்தான் வீடு திரும்புவாள். மணிச் சத்தம் கேட்டதும் மான்கள் மிரளாமல் நாலடி ஒதுங்கி வழிவிட்டன. எருமைகள் மரத்தைச் சுற்றி நின்று இரண்டு வாய் மேய்ந்தன. அவற்றின் மறைவில் நஞ்சன் இறங்கினான். குனிந்தபடி அவற்றோடு நடந்தான். எருமைகள் போனதும் மான்கள் பழைய இடத்துக்கே வந்து நெல்லிக்கனி பொறுக்கின.

மறுநாள் காலை சடையன் வீரக்காவின் வாசலில் நின்றான். பகல் நேரத்தில் எல்லாக் கயிறுகளும் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

"நெல்லிக்காட்டுக் கயிறு எனக்கு வேணும்க்கா. மான் அங்கதான் போகும்னு தெரிஞ்சே அவனுக்குக் குடுத்திட்ட."

"மான் எங்க போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வீரக்கா. எழுந்துபோய்க் கயிற்றை எடுத்து வந்து நீட்டினாள். சடையன் வெடுக்கென்று பிடித்தான். மறுநுனியை அவள் விடவில்லை.

"ஏறத் தெரியும் உனக்கு. எய்யவும் தெரியும். பொழுது சாயுது, கீழ மான் நிக்குது. எப்படி இறங்குவே?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. சிறுத்தை மாதிரி..."

சொல்லும்போதே அவன் இன்னொரு கை வாயருகே போயிருந்தது.

"போன வருஷம் நெல்லிக்காட்டுல?"

"அப்படித்தான்."

"குளத்துல?"

வாயருகே போன கை அங்கேயே நின்றது.

வீரக்கா கயிற்றின் நுனியை விட்டாள்.

"எடுத்துக்கோ. மானுங்களுக்கு நஞ்சன்னு ஒருத்தன் இருக்கிறதே தெரியாது. இந்தக் காட்டுல ஒரு சிறுத்தை இருக்குன்னு மட்டும் தெரியும். அது எந்தப் பரணைக் கேட்டாலும் நான் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."