நிலை வைத்த கை

பெரியநாயகம் தன் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மடத்துத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த குருவின் அருகே போய் உட்கார்ந்தார்.

"சுவாமி, பழி சொல்வது என்றால் என்ன?"

"யாரைச் சொன்னீர்?"

"தாணு ஆசாரியை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், இலை முன்னால் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பிவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள்."

"ம்."

"போன வருஷம் அவர் வாசல் நிலை வைத்த ஒரு வீட்டில் மூன்றாம் மாதமே சாவு விழுந்தது. டீக்கடையில் பேச்சு வந்தது. 'நிலை வைத்த கை அப்படி' என்றேன். அவ்வளவுதான். திருடன் என்று சொல்லவில்லை. வேலை தெரியாதவர் என்றும் சொல்லவில்லை."

"இப்போது ஆசாரி என்ன செய்கிறார்?"

"கோழிக்கூண்டு அடிக்கிறார். புது வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. 'யாராவது வீடு கட்டினால் என்னைச் சொல்லிவிடுங்க அண்ணாச்சி' என்று நேற்று என்னிடமே கேட்டார், சுவாமி."

குரு பிடுங்கிய களையை ஓரமாகப் போட்டார்.

"அதே டீக்கடைக்குப் போய், 'நான் சொன்னது பொய்' என்று சொல்லும்."

மறுநாள் போய் வந்தார். முகம் வாடியிருந்தது.

"சொன்னீரா?"

"சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. 'ஆசாரி பிழைக்கட்டும் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், பெரிய மனுஷன்' என்றார்கள். கடைக்காரன் எழுந்து நின்று டீ கொடுத்தான். அவர் பெயரைத் தூக்கிவிடப் போனேன். என் பெயர்தான் உயர்ந்தது."

குரு களையின் வேரிலிருந்த மண்ணை உதறினார்.

"உம் மகன் வீடு கட்டுகிறானே, எதுவரை வந்திருக்கிறது?"

"அஸ்திவாரம் முடிந்தது. வெள்ளிக்கிழமை நிலை வைக்கிறோம்."

"ஊர் வருமா?"

"எல்லாரும் வருவார்கள்."

"தாணு ஆசாரியைக் கூப்பிடும். அவர் கையால் வைக்கட்டும். ஊர் பார்க்கட்டும்."

பெரியநாயகம் தரையைப் பார்த்தார்.

"வெளியூர் ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, சுவாமி. மருமகளுக்கு இது ஏழாம் மாதம். இந்த நேரத்தில் எதற்கு வீணாக..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குரு அடுத்த களைக்குக் கையை நீட்டினார்.

"டீக்கடையில் ஒருத்தரும் நம்பவில்லை என்றீரே. உம்மையும் சேர்த்தா?"