ஈச்சங்கால் சபையில் ஒரு பதவியேற்பு

கோதண்டவர்ம மகாராஜாவின் ராஜ்யத்தில் ஈச்சங்கால் நாடு என்று ஒன்று இருந்தது. நாடு என்றதும் கோட்டை, கொத்தளம் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். மொத்தமே நாலு ஊர்தான். குயவர்களின் குசப்பாடி, இடையர்களின் ஆட்டாங்குளம், எண்ணெய் ஆட்டுபவர்களின் செக்கடி, பனையேறிகளின் ஓலையூர். ஓர் ஊரில் தும்மினால் மற்ற மூன்று ஊரிலும் கேட்கும். கேட்டுவிட்டுச் சண்டைக்கும் வருவார்கள். ஆனாலும் நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு சபை உண்டு. நடுவில் ஒரு பெரிய ஏரியும் உண்டு.

வம்பு அந்த ஏரியால்தான் வந்தது. மந்திரி விழுப்பரையருக்கு அதன்மேல் ஒரு கண். அவருடைய மைத்துனர் காடவராயர் பக்கத்துப் பெரிய நாட்டின் தலைவர்.

"மகாராஜா, நாலே ஊருக்கு ஒரு சபையா? ஈச்சங்காலை என் மைத்துனர் நாட்டோடு சேர்த்துவிடலாம். இரண்டுக்கும் அவரே தலைவராக இருக்கட்டும்" என்றார் மந்திரி.

ராஜாவும் தலையாட்டிவிட்டார். அன்றைக்கு அவருக்கு வேறு ஏதோ யோசனை.

செய்தி கேட்டதும் குசப்பாடியிலிருந்து செங்காத்தாள் தலைநகருக்கு ஓடிவந்தாள். சபையில் குயவர்களுக்காகப் பேசுகிறவள் அவள்தான். நேரே அரசவை விகடன் விச்சாதிரன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏரி மதகு அவரு கைக்குப் போச்சுன்னா தண்ணியெல்லாம் அவரு வயலுக்குத்தான் போகும் சாமி. நாங்க நாலு ஊரும் காஞ்சு கருவாடாயிருவோம்!"

விச்சாதிரன் தாடையைத் தடவினான். "உங்கள் சபையில் புதுத் தலைவர் பதவியேற்க ஏதாவது வழக்கம் இருக்கிறதா அம்மா?"

"இருக்கு சாமி. நாலு ஊரு குறையையும் அவரு உக்காந்து கேக்கணும். ஒரு ஊரு பேசறப்போ இன்னொரு ஊரு குறுக்கே பேசிட்டா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முடியறவரைக்கும் அவரு எந்திரிக்கக் கூடாது. சாப்பிடவும் கூடாது."

"கடைசியாக எப்போது முடிந்தது?"

"எங்க பாட்டன் காலத்துல ஒருவாட்டி முடிஞ்சதாச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் தலைவரே இல்லாமதான் சபை நடக்குது."

விச்சாதிரனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் அவன் ராஜாவிடம் போனான். "மந்திரியார் சொன்னது ரொம்பச் சரி மகாராஜா. ஆணையில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்கலாம். காடவராயர் ஈச்சங்கால் வழக்கப்படி பதவியேற்க வேண்டும்."

"தாராளமாக!" என்றார் மந்திரி. விச்சாதிரனே ஒத்துப்போகிறானே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பதவியேற்பு நாளில் ராஜாவே வந்திருந்தார். காடவராயர் பட்டு வேட்டி சரசரக்க வந்து பலகையில் உட்கார்ந்தார். விருந்து இருக்கிறதே என்று அவர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊர்க்காரர்களுக்கு விச்சாதிரன் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் எப்போதும்போல இருந்தாலே போதுமே!

செங்காத்தாள் எழுந்தாள். "எங்க ஊர்ப் பலாமரத்துல..."

"எது உங்க ஊர் மரம்?" என்று துள்ளினார் ஆட்டாங்குளத்து மாயாண்டிக் கோனார். "வேருதான் உங்க ஊர்ல. மரம் எங்க பக்கந்தானே சாஞ்சிருக்கு!"

"குறுக்கே பேசியாச்சு! முதல்லேர்ந்து!" என்று சபை முழுக்கக் கத்தியது. இந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

"எங்க ஊர்ப் பலாமரத்துல..."

"பழம் தொங்கறது எங்க செக்குக்கு மேல!" என்றார் செக்கடிக்காரர்.

"முதல்லேர்ந்து!"

"எங்க ஊர்ப் பலாமரத்துல..."

"விழுந்த பழம் உருண்டு எங்ககிட்டதானே வருது? வந்தவங்களைத் தொரத்தறதா?" என்றார் ஓலையூர்க்காரர்.

"முதல்லேர்ந்து!"

உச்சிவேளைக்குள் பதினேழு தடவை ஆகிவிட்டது. சமையல் பந்தலில் வடை வேகும் மணம் வேறு. காடவராயர் பொறுக்கமுடியாமல் அலறினார்: "அந்த மரத்தை வெட்டித் தொலையுங்கள்!"

சபை ஒரு கணம் யோசித்தது.

"சரி, எந்த ஊர்க் கோடாலி?" என்று கேட்டார் கோனார்.

அவ்வளவுதான். பலாமரம் பின்னால் போய்க் கோடாலி முன்னால் வந்தது. வெயில் சாயும்போது காடவராயர் பலகையிலிருந்து உருண்டு ராஜாவின் காலில் விழுந்தார்.

"இந்த நாடு எனக்கு வேண்டாம் மகாராஜா! என் நாட்டில் பாதியை வேண்டுமானாலும் இவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு இலை போடச் சொல்லுங்கள்!"

"மைத்துனரே, ஏரி..." என்று முணுமுணுத்தார் மந்திரி.

"ஏரியாவது பூரியாவது! அத்தான், வேண்டுமானால் நீங்களே வந்து இந்தப் பலகையில் உட்காருங்கள்!"

மந்திரி மூன்றடி பின்னால் நகர்ந்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆணையைக் கிழித்துப் போட்டார். ஏரியும் மதகும் என்றைக்கும் ஈச்சங்காலுக்கே என்றார். செங்காத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஊர் பிழைத்ததே! விச்சாதிரன் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை ஏறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உங்கள் நாட்டுக்கும் ஒரு பரிசு! என் யானைகளில் ஒன்றைத் தந்தேன்!"

நாலு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். மாயாண்டிக் கோனார் தொண்டையைச் செருமினார்.

விச்சாதிரன் ராஜாவின் காதருகே குனிந்தான். "மகாராஜா, 'எந்த ஊருக்கு?' என்று இவர்கள் கேட்பதற்குள் பல்லக்கில் ஏறிவிடுங்கள்."

ராஜா பல்லக்குக்குக் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.