முரசு கொட்டிக் கொடுத்த புழு மருந்து

புன்னைநாட்டு ராஜா வீரகேசரி ரொம்ப நல்லவர். எதையும் நாளைக்கே முடிக்கணும் என்கிற வியாதி ஒன்றுதான் அவருக்கு.

அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப் புழு. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நத்தமேடு என்கிற ஒரே ஊரில்தான் பிள்ளைகள் கொழுகொழுவென்று திரிந்தார்கள். அங்கே சீரங்காயி என்கிற மருத்துவச்சி வீடு வீடாகப் போவாள். பெற்றவளிடம் நாலு வார்த்தை பேசுவாள். பிள்ளையை மடியில் போட்டுக் கஷாயம் புகட்டுவாள்.

ராஜா கேள்விப்பட்டார். "நாடு முழுக்க இதையே கொடுங்கள். பௌர்ணமிக்குள்!"

"இதெல்லாம் ஒரு வேலையா மன்னா?" என்றார் மந்திரி திம்மப்பர்.

சீரங்காயியை அண்டா அண்டாவாகக் காய்ச்சச் சொன்னார். மடியில் போட்டுப் புகட்ட அவருக்கு மடி ஏது, தொந்திதானே? படையை அனுப்பினார். குதிரை, ஈட்டி, முன்னால் முரசு. மருந்து கொடுக்க வேறென்ன வேணும்!

பௌர்ணமி வந்தது. அண்டா எல்லாம் காலி. பிள்ளைகள் வயிறு அப்படியே பானை.

"மருந்து போலி மன்னா! அந்தப் பொம்பளை ஏமாற்றிவிட்டாள்" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கோபம். "நாளைக்கே அவளை நாடு கடத்துங்கள்!"

சீரங்காயி சபை நடுவில் கும்பிட்டாள். "சாமி, பொறந்த ஊரை விட்டு நான் எங்கே போவேன்?"

மந்திரி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் எழுந்தான் செங்கோடன். சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். "மன்னா, நாளைக்குத்தானே துரத்துகிறோம்? இன்றைக்கு ஓர் அண்டா மருந்தும் அதே படையும் எனக்குக் கொடுங்கள். மந்திரியார் எப்படிக் கொடுத்தாரோ, அப்படியே ஒரே ஒரு வீட்டில் கொடுத்துக் காட்டுகிறேன்."

ராஜா தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வீரர்கள் திரும்பிவந்தார்கள். கூடவே மந்திரி திம்மப்பர். தலையெல்லாம் வைக்கோல், முழங்காலில் சிராய்ப்பு, வேட்டியில் சாணி.

"என்ன ஓய் இது கோலம்?" என்றார் ராஜா.

"என் வீட்டு வாசலில் முரசு கேட்டது மன்னா. ஈட்டியோடு ஆட்கள் நின்றார்கள். கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து வைக்கோல்போரில்..."

"மருந்து கொடுக்க வந்தவர்களைப் பார்த்தா ஓடினீர்?"

மந்திரி பதறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டார். "முரசோடு படை வந்தால் வரி என்று பிடுங்கத்தானே வரும் மன்னா? கொடுக்க என்றைக்கு வந்திருக்கிறது?"



"இதையேதான் ஊர்ச் சனமும் நினைத்தது" என்றான் செங்கோடன். "முரசு கேட்டதும் பிள்ளைகுட்டியோடு காட்டுக்கு ஓடிவிட்டார்கள். படைவீரர்கள் மருந்தை வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தார்கள். மருந்து அசல்தான் மன்னா. இன்றைக்கு நம் நாட்டுத் தவளை ஒன்றுக்காவது வயிற்றில் புழு இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்!"

ராஜா முதலில் முறைத்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாயே, நீ எங்கேயும் போகவேண்டாம். ஊருக்கு ஒருத்தியை உன்னைப்போலப் பழக்கிக் கொடு. நாளைக்கே முடியுமா?"

"வருஷக்கணக்கில் ஆகும் சாமி" என்றாள் சீரங்காயி. "ஆனா, சனம் ஓடாது."

ராஜா பெருமூச்சு விட்டுச் சரி என்றார். சீரங்காயிக்குப் பட்டுப்புடவை, செங்கோடனுக்கு முத்துமாலை.

மந்திரி வைக்கோலைத் தட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ எனக்கு என்ன வேலை?"

"அம்மாவுக்குப் பின்னால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடுங்கள்" என்றான் செங்கோடன். "எவ்வளவு நன்றாக ஓடுகிறீர்கள் என்றுதான் இன்றைக்குப் பார்த்தோமே!"